மீதி இல்லாத வகுத்தல்

மூன்று தாள்களையும் ஆசிரியர் அறை மேசையில்
அருகருகே விரித்து வைத்தேன்.
வெளியே டிராவா ஆற்றின்மேல் மார்ச் மாத மழை.

முதல் தாளில் ஒரு சூரியன், ஒரு பாய்மரம்,
கொட்டை எழுத்தில் அறுபத்து நான்கு யூரோ.
எண்ணின் தோளில் ஒரு நட்சத்திரக் குறி.
அதைப் பின்தொடர்ந்து
தாளின் அடிவாரம் வரை இறங்கினேன்:
குறைந்தது நாற்பத்தைந்து பேர்.
நாங்கள் நாற்பத்தொன்று.
வராத நால்வருக்கும் ஜன்னலோர இருக்கை பிடித்து
உப்பளத்து நுழைவுச் சீட்டையும் கூட்டிப் பார்த்தால்
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

இரண்டாவது தாள் எழுபத்திரண்டு.
பதினைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இலவசம்.
நாற்பத்தொன்றைப் பதினைந்தால் வகுத்தால்
இரண்டு ஆசிரியர்கள் இலவசம், பதினோரு பிள்ளைகள் மீதி.
மூன்றாவது ஆசிரியை நான்,
மீதியை மேய்ப்பவள்.
மதிய உணவு உண்டு என்று போட்டிருந்தது.
என்ன உணவு என்று தொலைபேசியில் கேட்டேன்.
"ரொட்டி" என்றது ஓர் இளங்குரல்.
சற்று யோசித்து,
"உள்ளே ஏதாவது இருக்கும்."

மூன்றாவது தாளில் படமே இல்லை.
அறுபத்தொன்பது, எல்லாம் சேர்த்து.
கீழே ஒரு கோடு விட்டுத் தனியாக:
தூக்கிமேடை உள்ள பேருந்து,
கூடுதல் இருநூற்று நாற்பத்தாறு,
சம்பந்தப்பட்ட மாணவர் பெயரில்.

சம்பந்தப்பட்ட மாணவர்
எட்டு-பி, டிலென் கொரோஷெத்ஸ்.
மற்ற இரண்டு இடங்களிலும் இதைக் கேட்டிருந்தேன்.
ஒருவர் பார்க்கலாம் என்றார்.
இன்னொருவர், எங்கள் ஓட்டுநர் பலசாலி,
அப்படியே தூக்கி வைத்துவிடுவார் என்றார்,
பெட்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

"அவனே வரவில்லை என்று எழுதிவிட்டானே, டாரிங்கா"
என்றார் தலைமையாசிரியர்.
"நாம் ஏன் கிளற வேண்டும்?"

உண்மைதான். படிவம் என்னிடம் இருக்கிறது.
காரணம் என்ற கட்டத்துக்குள்
'கடல் பிடிக்காது.'
அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து.

நவம்பரில் உப்புப் படிகம் வளர்த்தோம்.
மற்றவர்கள் இரண்டே வாரத்தில்
கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.
அவன் குடுவை இன்னும் ஜன்னல் மேடையில்.
நூலில் தொங்குவது இப்போது கட்டைவிரல் அளவு.

இருநூற்று நாற்பத்தாறை
நாற்பத்தொன்றால் வகுத்தேன்.
ஆறு.
வேதியியல் படித்தவளுக்குச் சந்தேகம் தீராது,
இன்னொரு முறை வகுத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆறு,
தாளிலும் ஓர் ஆறு.
மீதி பூஜ்யம்.
பெற்றோர் கடிதத்திலிருந்து
அந்தத் தனி வரியை எடுத்துவிட்டேன்.
பயணக் கட்டணம் எழுபத்தைந்து. அவ்வளவுதான்.

வியாழன் இரவு ஒரு தந்தை அழைத்தார்.
பக்கத்துப் பள்ளி அறுபத்து நான்குக்குப் போகிறதாமே,
உங்கள் பேருந்தில் அப்படி என்னதான் இருக்கிறது?
கதவு, என்றேன்.
எல்லாப் பேருந்துக்கும் கதவு உண்டே அம்மா, என்றார்.
இல்லை, என்றேன்.
மழையா, கம்பிக் கோளாறா,
வெகுநேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.
எழுபத்தைந்து, என்றார் கடைசியில்,
யாருக்கோ சொல்லிக் குறித்துக்கொள்வது போல.

பிறகு நிறுவனத்திலிருந்து ஒரு வரி:
ஓட்டுநர் மில்கா கேட்கிறார், நாற்காலி எத்தனை கிலோ?
நாள் முழுக்கத் தராசோடு இருப்பவள் நான்.
இந்த ஒரு எடையைக் கேட்க
மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

இன்று மணி அடித்ததும் கேட்டேன்.
பேருந்துக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமாம், என்றேன்.
அவன் குடுவையைப் பார்த்தான்.
வகுப்பு காலியாகும் வரை
அடுக்கிய புத்தகங்களையே மறுபடி அடுக்கினான்.
அப்புறம்,

"பை மாட்டியிருக்கும்போதா, மிஸ்,
மாட்டாமலா?"