இடம் வலம்

நாரின் சந்தையில், கப்பல் பெட்டிகளைக்
கடையாக்கிய வரிசையில்,
தொலைநோக்கியை விற்றவன்
ஒரு குட்டி வில்லையும் சேர்த்துத் தந்தான்.
“ஐந்நூறு மடங்கு, அக்கா” என்றான்,
கொழுப்பையும் சேர்த்து நிறுக்கும் கறிக்கடைக்காரன் முகத்தோடு.

அன்றிரவே பார்த்தேன்.
வியாழன், பாலில் உடைந்த மஞ்சள் கரு.
அறுபது மில்லிமீட்டர் வாய்க்கு
அவ்வளவு பெரிய பேச்சு ஆகாது.

மருத்துவமனை ஆய்வகத்தில் கழித்துப்போட்ட
நுண்ணோக்கியின் கண்வில்லையைக் கேட்டேன்.
மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை,
பிறகு கொடுத்தார்கள்.
நெற்றியில் ‘பத்து’ என்று மட்டும் பொறித்திருந்தது;
அடக்கமான எண்.
அதுவரை சளியையும் சிறுநீரையும்
முகம் சுளிக்காமல் பார்த்த கண்ணாடி.

குழாயின் வாய் இருபத்து நாலரை.
வில்லையின் இடுப்பு இருபத்து மூன்று சொச்சம்.
நடுவில் இருந்த அந்தச் சொச்சத்தில்
நிலா ஆடியது, விழப்போகும் பல் மாதிரி.

தாள் சுற்றினேன், பனியில் ஊறியது.
ஒட்டுநாடா சுற்றினேன், குளிரில் பசை கல்லாயிற்று.
கடைசியில் யாரும் வாங்கிப்போகாத ஓர் எக்ஸ்ரே படம்,
விரல் அகலத்துக்கு நறுக்கி
மூன்று சுற்று.
கச்சிதம்.
குதிரையிலிருந்து விழுந்த எவனுடைய காரை எலும்போ
இப்போது நிலாவைத் தாங்கிப் பிடிக்கிறது.

“இதே படத்தால் சூரியனையும் பார்க்கலாமே”
என்றான் லாரி ஓட்டும் துராட்.
கூடாது என்றேன்.
ஏன் என்றான்.
உனக்கு இரண்டு கண்தானே என்றேன்.

பிறகு நூர்காஸி வந்தான், கீழ்த்தளத்துக்காரன்,
இந்த ஊரின் எல்லா அலுவலகத்துக்கும் ரப்பர் முத்திரை செதுக்குபவன்.
என் விண்ணப்பத்தில் விழுந்ததும் அவன் வட்டம்தான்.
சக்கர நாற்காலியை ஓட்டி வந்து நிறுத்திப் பார்த்தான்:
வானம் உச்சியில், கண்வில்லை தரையருகில்.
நான் முழங்காலிட்டுப் பார்ப்பேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
நாற்காலியின் தடையை விட்டுப் போட்டான், போட்டு விட்டான்.

துராட்டிடம் பட்டாளத்து இருகண்நோக்கி ஒன்று,
ஒரு கண் ஏற்கெனவே நொறுங்கியது.
மற்றதிலிருந்து பட்டகத்தைப் பிதுக்கி எடுத்தேன்.
ஒளியை இரண்டு முறை திருப்பப் பிறந்தது நீ,
எனக்கு ஒருமுறை திருப்பு, போதும் என்றேன்.
தேயிலை டப்பாவுக்குள் கறுப்பு பூசி அதைக் குடிவைத்தேன்.

பிம்பம் கூடவில்லை.
வளைந்து வரும் வழி இரண்டு விரற்கடை நீளம்.
அதைக் குழாயிலிருந்துதான் கழிக்கவேண்டும்.
ரம்பத்தை வைத்துவிட்டுத் தேநீர் குடித்தேன்.
மறுபடி எடுத்து, மறுபடி வைத்தேன்.
அறுத்தபோது
பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேறிடம் போனது.

பின்பக்கம் கனத்தது. முன்பக்கத்துக்கு
பழைய ஈய அங்கியிலிருந்து ஒரு பட்டை, இடைக்கச்சாக.

இனி அவன் உட்கார்ந்தபடி குனிந்தால் போதும்.
ஆனால் நிலா இடவலம் மாறியிருந்தது.
வலக்கரையில் தனித்து நிற்கும் கருங்கறை
இடப்பக்கம் குடிபோயிருந்தது.
எனக்கு மனம் ஒப்பவில்லை.
என் அறையில் ஒவ்வோர் உடம்புக்கும் பக்கத்தில்
ஓர் ஈய எழுத்து வைப்பேன், இது இடம், இது வலம்.
மறந்தால், நல்ல சிறுநீரகத்தை அறுப்பார்கள்.

நூர்காஸி சிரித்தான்.
“நான் தினமும் இப்படித்தானே செதுக்குகிறேன்.
மேலே இருப்பது தாளில் விழுந்தது, ஜிபார்.
இதுதான் ரப்பர்.”
நாற்பது நிமிடம் இடத்தை விடவில்லை.
எனக்குக் கால் விறைத்துப்போனது.

அடுத்த வாரம் தேயிலை டப்பாவின் மேல்
ஒரு ரப்பர் துண்டு ஒட்டியிருந்தது,
‘இடம்’ என்று, தலைகீழாக அல்ல, பின்பக்கமாக.
சரியாகத்தான் ஒட்டியிருக்கிறேன் என்கிறான்.
எந்தப் பக்கம் நின்று படிப்பது என்று
எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.