குரங்கு ஒன்று, தண்ணீர் மூன்று

தண்ணீரில் மஞ்சள்.
சாராயத்தில் சிவப்பு.
அசிட்டோனில் ஊதா.
ஒரே பொடி, ஒரே சிட்டிகை.
மூன்று குழாய்களையும் ஜன்னலோரம் நிறுத்திவிட்டு
நஸ்ரின் கேட்டாள்:
இதில் எது அதனுடைய நிறம்?

நான் கணக்குப் போடுகிறவள்.
கேள்வியைக் கணினிக்குள் கொண்டுபோனேன்.

முதலில் வெற்றிடத்தில் வைத்தேன் அதை.
சுற்றிலும் யாருமில்லை.
வந்த நிறம் எந்தக் குழாயிலும் இல்லை.
சேலத்தில் எங்கே இருக்கிறது வெற்றிடம்?
ஐந்து ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு
ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே
ஒரு ஸ்கூட்டர் ஹாண்டில் நுழைகிறது.

பிறகு தண்ணீரை ஊற்றினேன்.
ஊற்றினேன் என்பது பேச்சுக்கு.
அத்தனை கோடி மூலக்கூறுகளையும் தனித்தனியே வைத்துப் பார்க்க
எங்கள் துறையின் நாலு பழைய பெட்டிகளுக்குத் தெம்பில்லை.
அதனால்
சாயத்தின் உடம்பளவுக்கு ஒரு குழி வெட்டி,
வெளியே இருப்பதையெல்லாம் கூழாகக் கரைத்து,
கூழின் மேல் ஓர் எண் எழுதுவோம்:
எழுபத்தெட்டுப் புள்ளி நான்கு.
அவ்வளவுதான் தண்ணீர்.

எலக்ட்ரான்கள் ஒரு முனையில் கூடினால்
கூழ் அந்தப் பக்கம் நெளியும்.
கூழ் நெளிந்ததால் அவை இன்னும் கொஞ்சம் கூடும்.
கூடியதால் மறுபடி நெளியும்.
இரண்டும் ஒத்துப்போகும்வரை இப்படியே.
சில இரவுகளில் ஒத்துப்போகும்.
சில இரவுகளில்
கருப்பூரில் கரண்ட் போய்விடும்.

ஒத்துப்போன இரவில் என் எண் நானூற்றுத் தொண்ணூற்றொன்று.
நஸ்ரினின் கருவியோ நானூற்று நாற்பத்திரண்டு என்றது.
நாற்பத்தொன்பது நானோமீட்டர்!
'உன் தண்ணீர் ஆரஞ்சாக இருக்கிறது மைதிலி,
திருமணிமுத்தாற்றில் மொண்டாயா?'

சனிக்கிழமை.
பத்தொன்பது மணி நேரக் கணக்கு ஒன்றை ஓடவிட்டு
அஸ்தம்பட்டியில் ஏற்காடு பஸ் ஏறினோம்.
பாதி மலை வரை வெயில்.
பதினான்காம் கொண்டை ஊசியில் மூடுபனி.
முன்னால் போன லாரியின் பின்விளக்கு
வெளிறி, ரோஜாவாகி, இல்லாமல் போனது.
பார், இதுதான் என் மாதிரி என்றேன்.
பள்ளத்தாக்கு இல்லை, சில்வர் ஓக் இல்லை, குரங்கு இல்லை,
எல்லாத் திசையிலும் ஒரே எண்.

குரங்கு இருந்தது.
ஜன்னல் வழியே கையை விட்டு
நஸ்ரினின் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிடித்து இழுத்தது.
அவள் விடவில்லை.
அதுவும் விடவில்லை.
பஸ் வளைவில் திரும்பும்வரை
இருவரும் ஒரே பொட்டலத்தில் தொங்கினார்கள்.
பனி
யார் கையையும் பிடிக்கவில்லை.

சட்டென்று நான் சொன்னேன்: ஹைட்ரஜன் பிணைப்பு.
கடலை பொறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்:
'போன மாசமே சொன்னேன்.'

சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை மூன்று தண்ணீர் மூலக்கூறுகளை
உண்மையான கைகளோடு
ஆக்சிஜன் முனையில் தொற்றவைத்தோம்.
மற்றதெல்லாம் பழைய கூழ்தான்.
அந்தப் பிடியில் சாயம் தன் இடத்தில் இன்னும் ஆழ்ந்து உட்கார்ந்தது.
எழுப்பக் கூடுதல் ஆற்றல் கேட்டது, நீல ஒளியாக.
நானூற்று நாற்பத்தொன்பது.
மஞ்சள்.

ஏழு மிச்சம்.
ஏற்கத்தக்க பிழை என்று கட்டுரையில் எழுதினேன்.
அந்த ஏழில் எத்தனை குரங்குகளோ.

குழாய்களைக் கழிவுப் புட்டியில் கவிழ்த்துவிட்டு
நஸ்ரின் தண்ணீர் விட்டு அலசினாள்.
அடியில் தங்கிய ஊதா சிவந்து,
சிவந்தது நிற்காமல் மஞ்சளாகி வழிந்தது.
அவள் கட்டைவிரலில் மட்டும் ஒரு கறை,
எந்தக் குழாயிலும் பார்க்காத நிறத்தில்.
சோப்புக்கும் போகவில்லை.

தோலுக்கு என்ன எண் போடுவது என்று
இரண்டு நாளாய்த் தேடிக்கொண்டிருக்கிறேன்.