மூன்று மைக்ரான்

தாலினில், மருத்துவமனையின் நிலவறையில்,
நாற்பத்தொன்றாம் இழுப்பறையில் கிடைத்தார்
ட்ராம் ஓட்டுநர் எல்மர் கூஸ்மெட்ஸ்.
வயது முப்பத்து நான்கு,
அறுபத்து மூன்று மார்ச்சிலிருந்து அதே வயது.
கழுத்திலிருந்து எடுத்த ஒரு நிணநீர்க் கணு
மஞ்சளேறிய மெழுகுக்குள்
பெருவிரல் நகத்தளவு.

கூடவே ஒரு சீட்டு, ரஷ்ய எழுத்தில்:
ரெட்டிகுலோசார்க்கோமா.
எழுதியவருக்கு நல்ல கையெழுத்து.

அந்தப் பெயரில் இன்று நோயே கிடையாது.
எல்மர் ட்ராம் ஓட்டிய தெருவிலிருந்து
ஒரு தளபதியின் பெயரைக் கழற்றியதுபோல
புத்தகங்களிலிருந்து அதைக் கழற்றிவிட்டார்கள்.
கட்டி குடிபெயரவில்லை.
வாசற்பலகைதான் மாறிக்கொண்டே இருந்தது:
செல்லின் முகத்தைப் பார்த்து ஒரு பெயர்,
பிறந்த இடத்தை விசாரித்து ஒரு பெயர்,
பிறகு குரோமோசோமில் எது எங்கே தாவியது என்று
குடும்பக் கதையைக் கிளறி இன்னொன்று.
நான் படித்ததில் பாதியை மறப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மகள் ஹெல்யு கடிதம் போட்டிருந்தார்.
அப்பாவுக்கு என்ன வந்தது?
எனக்கு அப்போது நாலு வயது, யாரும் சொல்லவில்லை.
இப்போது என் கழுத்திலும் ஒரு கட்டி.

மால்லே மெழுகைப் பனிக்கட்டிமேல் குளிரவைத்து
கத்தியைப் பொருத்தினாள்.
ஒரு கேள்விக்கு ஒரு சீவல், மூன்று மைக்ரான்.
முன்பு யாரோ தாராளமாகச் சீவியிருக்கிறார்கள்.
"எட்டு தேறும்" என்றாள்,
"ஒன்பதாவது வெறும் மெழுகு."

முதலாவதை வழக்கமான சாயத்துக்குக் கொடுத்தோம்.
நாவற்பழ நீலத்தில் சின்னச் செல்கள், சந்தைக் கூட்டம்.
நடுவில் அங்கங்கே ஒரு பெரியது,
இரண்டு உட்கரு, ஒவ்வொன்றிலும் ஒரு சிவந்த பொட்டு.
ஆந்தைக் கண் என்று பாடம்.
எனக்கென்னவோ
பனிமூட்டத்தில் எதிரே வரும் ட்ராமின் விளக்குகள்.

இருபதாம் எண் சாயம்: பெரியவை வாயே திறக்கவில்லை.
மூன்றாம் எண்: சுற்றியிருந்த கூட்டம் மட்டும் கைதூக்கியது.
அடுத்த சீவல் தண்ணீரில் மடிந்து கசங்கிற்று.
மால்லே ஒன்றும் சொல்லவில்லை. நானும்.
முப்பதாம் எண்:
பழுப்பாய் ஒரு வளையம், உள்ளே ஒரு புள்ளி.
அறுபது வருடம் கழித்தும் அவ்வளவு துல்லியம்.
பதினைந்தாம் எண்ணும் ஆமோதித்தது.
இன்னொன்று மங்கலாய்ச் சொன்னது, பி செல் வம்சம்தான் என்று.

ஹாட்ஜ்கின்.

ஆரம்பத்தில் பிடித்திருந்தால்
அந்தக் காலத்திலேயே கதிர்வீச்சில்
சிலர் பிழைத்தார்கள்.
இதை நான் எங்கும் எழுதவில்லை,
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
நல்ல கையெழுத்துக்காரரிடம்
இந்தப் பழுப்பு நிறம் இருக்கவில்லை, அதுவும் உண்மை.
ஆனால் அந்த இரட்டை விளக்கு
அன்றைக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

பழைய சீட்டைக் கிழிக்காமல்
அதன்மேல் புதியதை ஒட்டினேன்.
ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பசை,
பிறகு வருகிறவருக்குச் சுலபமாய்ப் பிய்க்க வரட்டும்.

ஹெல்யுவின் கணுவும் போன வாரம் என் மேசைக்கு வந்தது.
உள்ளே நட்சத்திர வடிவில் சீழ்.
தொலைபேசியில் கேட்டேன்:
வீட்டில் பூனை இருக்கிறதா?
இருக்கிறது, கீறும், என்றார்.
அவ்வளவுதான், புற்று இல்லை, என்றேன்.
நெடுநேரம் சிரித்தார். சிரிப்பு வேறெங்கோ போய்த் திரும்பியது.

"அப்பாவில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

எட்டாவதை வெட்டவில்லை நாங்கள்.
"இருக்கிறது. மூன்று மைக்ரான்.
ஆனால் வெளியே கொடுக்க விதியில்லை."

"வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்" என்றார் ஹெல்யு.
"இங்கே கொண்டுவந்தால்
இந்தப் பூனை உருட்டிவிடும்."