புரட்டாசித் தண்ணீர்

பேகி இரும்பு மூடியை நெம்புகிறான்.
முதலில் நாற்றம் வரும், பிறகுதான் இருட்டு.
வாயு மீட்டர் மூன்று முறை கத்தினால் விலக வேண்டும்.
இரண்டு முறை கத்தியது. நின்றோம்.

கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்குவது என் வேலை.
பதினோரு வருடம்.
சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு,
கோழிக்கடைகளின் பின்சந்து.

இங்கே ரத்தம் சிவப்பாக இருக்காது.
குழாய்க்குள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதும்,
ஆறிப்போன தேயிலைத் தண்ணீர்.
மேலே கொழுப்பு, பாலாடைபோல.
இறகுகள்.
ஒருமுறை ஒரு முழுக்கால், நகத்தோடு,
யாரையோ கூப்பிடுவதுபோல விரல் மடக்கி.

ஜூலைக் குளிரில் கொழுப்பு உறைந்து குழாய் அடைத்தது.
தவமணி மூட்லியின் குளியலறைத் தரைவழியே மேலேறிற்று.
துடைப்பத்தோடு மாநகராட்சிக்கே வந்துவிட்டாள்.
"முட்டைகூடத் தொடாதவ நான்.
என் வீட்டுக்கா வரணும் இது?"
யார் எதைத் தின்கிறார்கள் என்று கொழுப்புக்குத் தெரியாது.
சரிவு பார்த்துப் போகும். அடைத்தால் திரும்பும்.

புரட்டாசி வந்தது.
கறிச்சட்டிகளைக் கழுவித் துணியில் கட்டி
மேல்தட்டில் ஏற்றினார்கள்.
கூண்டுக்கோழிகளுக்கு ஒரு மாதம் ஆயுள் கூடிற்று.
என் பாட்டில் தெளிந்தது.

ஆய்வகத்தில் பிரகாசன் இரண்டு தடவை சோதித்தான்,
கருவி பழுது என்றான்.
பழுதில்லை பிரகாசா, விரதம்.
நாலாயிரம் அறுநூறாகியிருந்தது,
லிட்டருக்கு மில்லிகிராமில்.
கொழுப்புத்தொட்டி கட்டுங்கள் என்று
பதினாறு கடிதம் போட்டிருக்கிறேன்,
இரண்டு அபராதம்.
அசையாத எண் அது.

மாதம் முடிந்த ஞாயிறு, விடியுமுன்பே வரிசை.
நானும் நின்றேன், பையோடு.
சூரியமூர்த்தி என்னைப் பார்த்ததும் கத்தியைத் துடைத்தார்.
"இன்ஸ்பெக்டரம்மா, கடிதம் பத்தியா?"
"இல்ல. ரெண்டு கோழி. தோலோட."

ரத்தம் எங்கே போகுது என்று கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் முப்பது பேர்,
ஒரு மாதப் பசி.
ஓரத்தில் ஒரு வாளி, விளிம்புவரை.
பையன் அதைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்குப் போனான்.
நான் சில்லறை எண்ணினேன்.
சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன்.

திங்கட்கிழமை.
மீட்டர் மூன்று முறை கத்தியது.
விலகி நின்றோம், நெடுநேரம், சாலையில்.
பேகி சிரித்தான்:
"உங்க சாமி சாப்பிட ஆரம்பிச்சாச்சு போல?"

பாட்டில் வந்தது. பழுப்பு. மேலே ஆடை.
கைக்குச் சூடாகக்கூட இருந்தது, அல்லது எனக்கு அப்படி.
லேபிளில் தேதி எழுதினேன், நேரம், மேன்ஹோல் எண்,
எடுத்தவர்: கோகிலாம்பாள் நாயகர்.
அடுத்த கட்டம், எங்கிருந்து வந்தது.
பதினோரு வருடமாக ஒரே சொல் எழுதிய கட்டம்.

பேனா எழுதவில்லை என்று சொல்லி
பேகியிடம் அவன் பேனாவைக் கேட்டேன்.