பலகையின் வலது மூலை

வலது மூலையில் ஒரு முழம்
கோடு கிழித்து ஒதுக்கியிருக்கிறேன்.
கணக்கு அங்கே வரக்கூடாது,
இலக்கணம் எட்டிப் பார்க்கக்கூடாது.
நாளுக்கு ஒருவர் எழுந்து வந்து
ஒரு வியப்பை எழுதிப் போகவேண்டும்.

திங்கள்: ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று.
செவ்வாய்: ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எலும்பு ஏழு,
நம் கழுத்திலும் ஏழு.
அன்று மாலை ஏழாம் வகுப்பு முழுவதும்
ஒருவர் பிடரியை ஒருவர் தடவிக்கொண்டே
பள்ளத்தூர் பஸ்ஸில் ஏறியது.

விதி ஒன்றுதான்:
எங்கே படித்தாய்? இல்லையென்றால், எண்ணினாயா?
"மாமா சொன்னாரு மிஸ்" செல்லாது.
நூறு ஜன்னல் வீட்டில் நூறு ஜன்னல் என்று
சாத்தையா எழுதியதை அப்படித்தான் அழித்தேன்.
ஞாயிற்றுக்கிழமை அவன் போய்
பூட்டிய வீட்டைச் சுற்றி வந்தான்.
மறுநாள் எழுதினான்:
மூன்று பக்கத்தில் அறுபத்தொன்று.
நாலாம் பக்கத்தில் நாய்.
அதை மூன்று நாள் அழிக்கவில்லை நான்.

பி.இ.ஓ. வருகிற வியாழக்கிழமை
அழகுமீனாவின் முறை.
வாசலில் கோலம், மேசையில் புது விரிப்பு,
வருகைப் பதிவேட்டுக்கு பிரவுன் அட்டை.
அவள் சாக்பீஸை ஒடித்து
சின்னத் துண்டால் எழுதினாள்,
அழுத்தி:

நம் பள்ளியில் பெண்பிள்ளைகள் நாற்பத்து மூன்று.
மணி அடிக்கும்வரை தண்ணீர் குடிக்காதவர்கள் முப்பத்தெட்டு.
கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் பூஜ்யம்.
கீழே, கேள்விக்கு முன்பே பதிலாக:
எண்ணினேன்.

உமையாள் டீச்சர் டஸ்டரை எடுத்தார்.
தலைமையாசிரியர்; ஓய்வுக்கு ஏழு மாதம்.
வெளியே ஜீப் நிற்கிற சத்தம்.
என் பையில், காரைக்குடியில் காலையில் நிரப்பிய பாட்டில்
திருகு பிரியாமல் கிடந்தது.
"என்னைச் சேர்த்தால் முப்பத்தொன்பது" என்றேன்,
யாரிடம் சொன்னேனோ.
டஸ்டர் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
பிறகு மேசைக்குத் திரும்பியது.
"நாற்பதுன்னு போடு" என்றார்.

அலுவலர் கண்ணாடி மாட்டி வாசித்தார்.
இரண்டாம் முறையும் வாசித்தார்.
ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்டார்.
நாற்பது குரல் மூன்று என்றது.
மாணவர் பொது அறிவு நன்று, என்று
பச்சை மையில் எழுதிவிட்டுப் போனார்.

லிஜினின் அப்பாவுக்கு வேலை
இடிகிற வீடுகளில் கதவு கழற்றுவது.
காரைக்குடிக் கடைக்கு லாரியில் போகும்
தேக்கு, தூண், குமிழ், கண்ணாடி.
திங்கள் காலை சைக்கிள் கேரியரில்
சாக்கில் சுற்றி ஒன்று கொண்டுவந்தார்:
முழங்கை நீளப் பித்தளைத் தாழ்ப்பாள்,
நுனியில் கிளி மூக்கு.
லேசாக வளைந்திருக்கு, விலை போகாது, என்றார்.

எங்கள் கதவோ தகரம்.
தாழ்ப்பாள் ஏறியதும் ஒரு பக்கம் சாய்ந்தது,
கல்யாண நகை போட்ட சின்னப் பெண் மாதிரி.
ஆனாலும் பூட்டிற்று.
டொக்.
அந்தச் சத்தம் கேட்கவே
சிலர் இரண்டாம் முறை போனார்கள்.
குழாயடியில் முதல் தடவையாக வரிசை.

மூன்றாம் வாரம் மேல் கீல் பிய்ந்தது.

இன்று காலை வலது மூலையில்
மூன்று பேர் கையெழுத்து:
கீல் தேவை இரண்டு. இருப்பது ஒன்று. எண்ணினோம்.
அதற்கும் கீழே, கோட்டை இடித்துக்கொண்டு,
தன் முறையை விட்டுக்கொடுக்காத நாச்சியா
நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறாள்:
வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும்.

எங்கே படித்தாய் என்றேன்.
நூலகப் புத்தகம் மிஸ், பக்கம் நாற்பத்தொன்று.
சரி, இருக்கட்டும்.
கோட்டை நான்தான் தள்ளிப் போடவேண்டும்.