மேற்கோள் எண் பதினேழு

கட்டுரையின் முதல் வரியை
நாலு தடவை மாற்றிவிட்டேன்.

"கோத்தகிரியில், அழைப்பின் பேரில் மட்டும்,
ஒரு முழுநாள் திரையிடல்
ஆண்டுதோறும் நடைபெறுகிறது."
நடைபெறுகிறதா, நடைபெற்றதா?
ஜோகி அண்ணனைக் கேட்டால்
மழையைப் பொறுத்தது என்கிறார்.
மழையைப் பொறுத்த வினைமுற்று
தமிழில் இல்லை.

இடம்: மூடிப்போன தேயிலை ஃபேக்டரி,
கொழுந்து வாட்டிய மேல்மாடிக் கூடம்.
திரை: மேட்டுப்பக்க ஜன்னல்மேல் கட்டிய இரண்டு வேட்டி.
ஆட்கள்: நாற்பத்தொருவர்.
தொடக்கம்: காலை ஆறு.
முடிவு: கடைசி ஆள் தூங்கும்வரை.
படங்கள்: ஏழு. பெயரை முன்னால் சொல்வதில்லை,
பின்னாலும் சொல்வதில்லை.
அழைப்பிதழ்: பழைய எடைச்சீட்டின் முதுகில்
பச்சை மையில் ஒரு தேதி.

என்னிடம் ஒன்று இருக்கிறது.
பறித்தவர் செல்வநாயகி, பதினெட்டு கிலோ, தண்ணீர்க் கழிவு ஒன்றரை.
திருப்பினால், "ஞாயிறு. ஸ்வெட்டர் இரண்டு."

ஸ்கேன் செய்து ஏற்றினேன்.
"முதன்மைச் சான்று. ஏற்பதற்கில்லை"
என்றார் சக தொகுப்பாளர் ஒருவர்.
நல்ல மனுஷர், பறவைகளைப் பற்றி முந்நூறு கட்டுரை எழுதியவர்.
நான் அங்கே இருந்தேனே என்றேன்.
அதுதான் சிக்கல் என்றார்.
கண்ணால் காண்பதும் பொய் என்ற பழமொழியும்
அவர் பக்கம்தான் நின்றது.

சரி, தீர விசாரித்தேன்.

பதினாறு பேர் அகப்பட்டார்கள்.
மூன்றாவது படத்தில் ரயில் வரும் என்றார் பல் டாக்டர்.
ரயிலே கிடையாது, அது என் மிஷின் சத்தம்
என்றார் படம் ஓட்டிய இக்னேஷியஸ்.
பேக்கரியில் நூற்றிருபது வர்க்கிக்குக் கணக்கு இருந்தது,
பணம் வந்ததாகக் கணக்கு இல்லை.
ஐந்தாவது படத்தை யாருமே முழுசாகப் பார்க்கவில்லை.
நானும்தான். அவரைக்காய்க் குழம்பு, கம்பளி, மதியம் மூன்று மணி.
விழித்தபோது ஒரு பெண்
கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.
உள்ளே போனாளா, வெளியேறினாளா தெரியாது.
கட்டுரையில் அந்த இடத்தில்
"சான்று தேவை" என்று போட்டேன்.

நீக்கல் வாக்கெடுப்பு ஏழு நாள்.
நீக்குக. நீக்குக. குறிப்பிடத்தக்கதல்ல, நீக்குக.
யாரோ ஒருவர் மட்டும்
"இருக்கட்டுமே, அழகாக இருக்கிறது."
அழகு ஒரு காரணமாகாது என்று
அதற்கடியில் பதில் எழுதியது நான்தான்.
பதினோரு வருஷமாக
ஊரார் கட்டுரைகளை வெட்டிய கை.

பக்கம் போயிற்று.

டிசம்பரில் வேறெதற்கோ நாளிதழ்க் கட்டைப் புரட்டினேன்.
எட்டாம் பக்க மூலையில்
தீப்பெட்டி அளவுக்கு ஒரு செய்தி:
"கோத்தகிரி அருகே காட்டெருமை.
தனியார் கட்டடத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்த
நாற்பது பேர்
இரண்டு மணி நேரம் வெளியே வர முடியாமல் தவிப்பு."

தவிப்பா?
ஆறாவது படம் ஓடிக்கொண்டிருந்தது.
கீழே அது நிற்பதே எங்களுக்குத் தெரியாது.
வேட்டியில் தங்காத வெளிச்சம்
ஜன்னலைத் தாண்டிப் பனியில் விழுந்ததாம்,
காட்டெருமையின் விலாவில்
ஒரு கிழவனின் முகம் பெரிசாக அழுததாம்,
அது அசையாமல் நின்றதாம்.
சொன்னது வனக்காவலர் மாதன்.
வாய்மொழி. சேர்க்க முடியாது.

இப்போது காட்டெருமை கட்டுரையில்,
"மனிதர்களுடன் எதிர்ப்படல்" என்ற பகுதியில்,
உணவுப் பழக்கத்துக்கும் கோமாரி நோய்க்கும் நடுவே
ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது.
மேற்கோள் எண் பதினேழு. நாள், பக்கம், பதிப்பு, எல்லாம் சரி.
பறவைக்காரர் நன்றி தெரிவித்திருந்தார்.

போன வாரம், பெயரில்லாத ஒருவர்,
எந்தச் சான்றும் தராமல்,
நாற்பதை
நாற்பத்தொன்று என்று திருத்தியிருக்கிறார்.

விதிப்படி நான் அதை மீளமைக்க வேண்டும்.

நாளை பார்க்கலாம்.