நர்சிசா பூட்டை மாற்றிய சனிக்கிழமை

வாஷிங்டன் (ஊரில்லை, ஆள்;
குவாயாகில் பக்கம் இப்படியும் பெயர் வைப்பார்கள்)
போகும்போது ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனான்.
உள்ளே கிடந்த எலுமிச்சம்பழங்களை மட்டும்
தரையில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போனான்.
அந்த வரிசையைத்தான்
அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்பது வாரம்
இறால் மேசையில் எனக்கு எதிரே நின்றாள்.
தலை கிள்ளி, ஓடு நீக்கி, நரம்பு உருவி.
ரேடியோவில் எவளாவது
நீயில்லாமல் செத்துப்போவேன் என்று பாடினால்
கத்தியை வைத்துவிட்டுக் கேட்பாள்.
அந்தப் பாட்டுகளில்தான் நாங்கள் வளர்ந்தோம்.
எங்கள் அம்மாக்கள் அவற்றைப் பாடிக்கொண்டே
அரிசி களைந்தார்கள்,
செத்துப்போகிற வரி வரும்போது
குழம்பில் உப்புப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும்
பாலம் தாண்டி துரானில் ஒரு பூட்டு வாங்கினாள்.
பதினோரு டாலர் சொன்னான், ஒன்பதரைக்கு முடித்தாள்.
ஸ்க்ரூ டிரைவர் இரவல் கேட்டாள் என்னிடம்;
கதவைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிடவில்லை.
ஒரு துளை கோணலாய் விழுந்தது.
இன்றைக்கும் கோணல்தான்.

அன்றிரவு ஆற்றோர மதுக்கடையில்
பாட்டுப்பெட்டிக்குள் இருபத்தைந்து சென்ட் போட்டேன், அவளுக்காக.
புதுப் பாட்டு. பாடுகிறவள் அழவில்லை.
போனவன் பெயரைக்கூட எடுக்கவில்லை.
வாடகை கட்டியதைச் சொல்கிறாள்,
கட்டிலின் நடுவில் கைகால் விரித்துப்
படுப்பதைச் சொல்கிறாள்,
ட்ரம்பெட் ஆமாம் ஆமாம் என்கிறது.
சோலா என்று ஒரு சொல் வரும்,
பெண் தனியாக இருப்பதற்கு எங்கள் சொல்.
அதைக் குரல் தாழ்த்தித்தான் பாடுவார்கள் எப்போதும்.
இவள் நிழல் விழும் அளவுக்கு அதை நீட்டினாள்.
கடையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும்
எழுந்து நின்றுவிட்டோம்,
மீன்காரி ஹெரார்தா உட்பட,
புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே.

நர்சிசா எழவில்லை.
வறுத்த வாழைக்காயின் எண்ணெயை
விரலிலிருந்து துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"அந்தக் கட்டில் வரி பொய்.
ரெண்டு பேர் படுத்த பள்ளம் ரெண்டு,
நடுவில் மேடு.
முதுகு வலிக்கிறது."

வீடு வரை நடந்தோம்.
சாவி நுழைந்தது, திரும்பவில்லை.
நான் கை நீட்டினேன்.
அவள் அதற்குள் தோளால் கதவை
ஒரு விரற்கடை மேலே தூக்கி
முழங்காலால் எங்கோ ஒரு தட்டு தட்டினாள்.
திறந்தது.
அந்த வித்தையை எனக்குக் காட்டித் தரவில்லை.

உள்ளே தாழ் விழுந்தது.
பிறகு கட்டிலை இழுக்கும் சத்தம்,
மெத்தையைப் புரட்டிப் போடும் சத்தம்.
அதோடு பாட்டு:
பழையது, அந்தச் செத்துப்போகிற பாட்டு,
முழுத் தொண்டையில்,
இரண்டு மடங்கு வேகத்தில்.
ஸ்க்ரூ டிரைவரைக் கேட்கலாம் என்று நின்றவள்
கேட்காமல் வந்துவிட்டேன்.